பஸ்ரியனின் பத்து விரல்கள்

பத்து விரலுக்கும் சொடக்கு எடுத்து முடியும்வரை பஸ்ரியன் கீபோட்டைத் தொடமாட்டார். இடது சுண்டுவிரலில் தொடங்கும் அந்தச் சடங்கு வலது சுண்டுவிரலில் வந்து முடிய முழுதாக ஒரு நிமிடம் ஆகும். பிறகு ஒத்திகை முழுவதும் அவர் பாவிப்பது மூன்றே மூன்று விரல்கள். "மற்ற ஏழுக்கும் என்னத்துக்கு அண்ணை எக்ஸசைஸ்?" என்று முதல் றம்பெற் ஊதும் அகஸ்ரின் கேட்பான். "ஓடாத பஸ்ஸையும் ஸ்ராட் பண்ணி வைக்கவேணும் தம்பி" என்பார்.

பஸ் அவருடைய தொழில். வெள்ளி வரை வெக்ஸ்போர்ட் பக்கம் ஓட்டுகிறார். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்த கையோடு, ஸ்காபரோவில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில் 'பஸ்ரியனும் பதினாறு பேரும்' கூடும். றம்பெற், றொம்போன், சக்ஸபோன், டிரம்ஸ் என்று கலியாண வீட்டுக் கூரையைக் கழற்றிவைக்கும் பெரிய கோஷ்டி. பதினாறு என்பது நோட்டீசில். மேடையில் பன்னிரண்டு தலையை எண்ணலாம். மிச்ச நாலு பேரும் ஒஷாவாவிலிருந்து வந்துகொண்டே இருப்பார்கள்.

மேடையிலும் அவர் பஸ்தான் ஓட்டுவார். "பின்னுக்கு இடம் கிடக்கு, பின்னுக்குப் போங்கோ" என்றால் றம்பெற்காரர் சத்தத்தைக் குறைக்கவேண்டும். "அடுத்த ஸ்ரொப் கடைசி" என்றால் பாட்டு முடியப்போகிறது. எவனாவது தாளம் தப்பினால் வாயே திறக்கமாட்டார். கண்ணாடியில் பின்சீட்டுக் குழப்படிகாரனைப் பார்ப்பதுபோல ஒற்றைப் புருவத்தை உயர்த்துவார், தாளம் தானாக வந்து சீட்டில் குந்தும். காதோ பாம்புக்காது. வெளியே பனி வழிக்கும் லொறி அலறிக்கொண்டு பின்வாங்கும்போதும், "மூண்டாவது றொம்போன், ஒரு மயிரிழை கீழை நிக்கிறாய், ஏறு" என்பார்.

அந்தக் காதுக்கு எட்டாத சங்கதி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் என்று அவருடைய மைத்துனன் றோய் நம்பிக்கொண்டிருந்தான். மேடையில் பஸ்ரியனின் கீபோட்டிலிருந்து பதினொரு வருடமாகச் சத்தமே வருவதில்லை.

ஒரு வெள்ளிவிழா விருந்தில் நடந்த வினை அது. அன்றுதான் பஸ்ரியன் துணிந்து பத்து விரலையும் ஒன்றாக இறக்கினார். பத்தும் பத்துத் திசைக்குப் போயின. கேக் வெட்ட நின்ற தம்பதி, கத்தியை ஓங்கியபடி யாருக்கோ ஆபத்து என்று திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ரியனின் மனைவி பேர்ணடெற், சவுண்ட் மேசையில் இருந்த தன் தம்பி றோயின் காதுக்குள் குனிந்தார். "உந்தக் கீபோட்டை இறக்கடா. ஆனா அந்தாளுக்குத் தெரியப்படாது, மனம் விட்டுப்போகும்." றோய் ஒரு விரலால் கீபோட்டின் சத்தத்துக்கான வழுக்குப் பொத்தானை மேலிருந்து கீழே இழுத்தான். அது பிறகு ஏறவே இல்லை. வீட்டுக்காரரும் கோஷ்டியும் அறிந்த இரகசியம் அது. "எப்பிடியடா கேட்டது?" என்று ஒவ்வொரு கலியாணத்துக்குப் பிறகும் பஸ்ரியன் கேட்பார். "விளாசிட்டியள் அத்தான்!" குருவானவரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இந்தப் பொய்யைச் சொல்லாமல் மறைத்து, றோய் அதை இரண்டு பாவமாக்கி வைத்திருந்தான்.

பார்க்கிறதுக்கோ அதுபோல வாசிப்பு கிடையாது. பத்து விரலும் பறக்கும், முழங்கை துள்ளும், நெற்றி மயிர் நடனமாடும். கலியாண வீடியோக்களில் அதைப் பார்த்துச் சொக்கிப்போனவர்களில் முதல் ஆள் பிக்கரிங் நவரட்ணம். அவருடைய மகன் நிதுசனுக்கும் பஸ்ரியனின் மகள் ஷரோனுக்கும் போன தை மாதம் கலியாணம். "சம்பந்தி இவ்வளவு பெரிய வித்துவான். அவரைப் பிளாஸ்ரிக் பெட்டியிலை வாசிக்க விட்டா எங்களுக்கென்ன மரியாதை?" என்று, வரவேற்பு மண்டபத்தில் ஒரு கிராண்ட் பியானோவை வாடகைக்கு இறக்கிவிட்டார். கரையொதுங்கிய திமிங்கிலம் மாதிரிக் கறுப்பாகப் படுத்திருந்தது அது. மூடி இருந்தது, மிதிகட்டை இருந்தது. கீழே இழுக்கப் பொத்தான் மட்டும் இல்லை.

றோய் மண்டபத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தான். முந்நூறு பேர், முன்வரிசையில் புதுச் சம்பந்தி. பதினொரு வருட மானம் ஒரு பாட்டில் போய்விடும்.

"மாமா, சீரியஸா, டூ சம்திங்!" என்று மணப்பெண் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். மூடியைச் சாத்தி மேலே கேக்கை வைக்கலாம் என்றான் அகஸ்ரின். கேக் ஆறு தட்டு. கடைசியில் றோய் உடுப்பு மாட்டும் அறைக்கு ஓடி, ஐந்து பனிக்கோட்டுகளை அள்ளிவந்து பியானோவின் வயிற்றுக்குள் திணித்தான். திரும்பிப் பார்த்தால் நவரட்ணம் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். "ஆரப்பா இதுக்குள்ளை கோட் போட்டது? கோட் றூம் அங்காலை!"

பஸ்ரியன் வந்து அமர்ந்தார். சொடக்கு. பத்து.

கோஷ்டி வெடித்தது. இதயம் நிற்குமட்டும் ஊதுங்கோடா என்று றோய் சைகை காட்ட, அகஸ்ரினின் கன்னம் இரண்டும் பூசணிக்காயாகின. பியானோ கேட்டதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. விரல்கள் மட்டும் பறந்தன. ஆனால் பாட்டின் நடுவில் பஸ்ரியனே எழுதிவைத்த நாலு தட்டு இடைவெளி ஒன்று உண்டு. எல்லாரும் வாயை மூடவேண்டும், பியானோ மட்டும் பேசவேண்டும். வழமையாக அகஸ்ரின்தான் அதை ஊதி நிரப்புவான். இன்றைக்கும் றம்பெற்றைத் தூக்கினான். பஸ்ரியனின் புருவம் உயர்ந்தது. றம்பெற் இறங்கியது.

ஒன்று. இரண்டு. மூன்று. றோய் கண்ணை இறுக மூடினான்.

டிங்.

ஒரே ஒரு சுரம். விழவேண்டிய இடத்தில், விழவேண்டிய நேரத்தில், கண்ணாடிக் கோப்பையைத் தொட்டதுபோல. கோஷ்டி மறுபடி பாய்ந்தது, முந்நூறு பேரும் எழும்பிவிட்டார்கள். "ஒண்டெண்டாலும் என்ன ஒண்டு பாத்தியளே!" என்று நவரட்ணம் பக்கத்திலிருந்தவரின் தொடையில் அடித்தார்.

றோய் கண்ணைத் திறந்தான். அவன் நின்ற பக்கவாட்டிலிருந்து பார்த்தபோது, பறந்துகொண்டிருந்த விரல்களுக்கும் வெள்ளைக் கட்டைகளுக்கும் நடுவே இரண்டு அங்குல வெளிச்சம் தெரிந்தது. ஒன்றுகூடக் கட்டையில் படவில்லை.

பஸ்ரியன் வாசிப்பை நிறுத்தாமலே அவன் பக்கம் திரும்பினார். வலது சுட்டுவிரலை மட்டும் உயர்த்தி, காற்றில், மேலிருந்து கீழே, மெதுவாக இழுத்துக் காட்டினார்.