பாண்டியிலிருந்து வந்த ஓட்டைப் பெட்டி

என் தங்கை புருஷன் குடியை விட்டிருந்த புதிது. விழுப்புரத்தில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு அவர்தான் தாளம். புது வாத்தியம் வாங்கப் பாண்டிச்சேரி போகிறேன் என்றதும் தங்கை எனக்கு ஆள் அனுப்பிவிட்டாள். பாண்டியில் எது மலிவு என்று எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

“இன்னொரு தபா குடிச்சாருன்னா, பிள்ளைங்கள இட்டுக்கினு திண்டிவனம் அம்மா வூட்டுக்குப் போயிடுவேன். கூடப் போண்ணே,” என்றாள். துணிப்பை கட்டித் தயாராக நின்றது.

அவர் வாங்கியது ஒரு மரப்பெட்டி. முழங்கால் உயரம், பின்னால் கை நுழைகிற ஓட்டை. கஹோன் என்று பெயராம்.

“இன்னா மாப்ள, சோப்புப் பொட்டியப் போயி வாங்கிக்கினு?”

“தபேலா மாதிரி மழைக்குத் தோல் தொங்காது மச்சான். டிரம்செட்டுன்னா டெம்போ வைக்கணும். இது பஸ்லயே வரும். மேல குந்திக்கினே வாசிக்கலாம்.”

கால் பட்டாலே வாத்தியத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊரில், மேலே குந்துவதாம்! எனக்கு அப்போதே சரியாகப் படவில்லை. நான் டீ குடித்துத் திரும்புவதற்குள் பெட்டியைப் போர்வையில் சுற்றிக் கட்டிவிட்டிருந்தார். பஸ்ஸில் மடியை விட்டு இறக்கவில்லை. பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் உள்ளே கிணுகிணு என்றது.

கண்டமங்கலம் தாண்டிச் சரக்குச் சோதனைக்குப் போலீஸ் ஏறியது. ஏட்டு பெட்டியைக் குலுக்கினார்.

“வாத்தியமா? பாட்டில் மாதிரி பேசுது?”

பஸ்ஸே சிரித்தது. போர்வையை அவிழ்த்து ஓட்டைக்குள் கைவிட்டவர், “கம்பி வேற கட்டி வெச்சிருக்க. பலகையக் கழட்டு,” என்றார்.

“ஐயோ சார், அத நோண்டினா சத்தமே செத்துடும்!”

மாப்பிள்ளை பதறியதில், மாட்டினோம் என்றே நினைத்தேன்.

சாலையோரம் இறங்கி, பெட்டிமேல் குந்தித் தட்டினார். நடுவில் அடித்தால் தும் என்று நெஞ்சில் இறங்கியது. விளிம்பில் அடித்தால், பஸ்ஸில் கிணுகிணுத்த அந்தக் கம்பி சளக் என்று பதில் சொன்னது. ஜன்னலெல்லாம் தலைகள். ஏட்டு தொண்டையைச் செருமி, “ஏறு, ஏறு,” என்றார்.

வீட்டில் நான் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் தங்கை அவர் வாயை மோந்தாள். பிறகு ஓட்டைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினாள்.

“பனைமரத்தடியில பால் குடிச்சாலும் கள்ளுன்னுதான் சொல்லுவாங்க,” என்று முனகினார் மாப்பிள்ளை.

“இத்தினி வருசமா பாலத்தான் குடிச்சிக்கினு இருந்தியா?”

அவள் பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினாள். அப்புறம் பெட்டியை, ஓட்டை அடுப்படிக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தாள்.

“இப்டியே இருக்கட்டும்.”