தண்ணி பாட்டில்ல தின்னர்

என் கொழுந்தன் பெயின்டர். சுவரைப் பார்த்ததுமே எத்தனை லிட்டர் இழுக்கும்னு சொல்லிடுவான். வேலையில கெட்டிக்காரன், வீட்டுல தலைவலி. பிரஷ் கழுவுற தின்னரை டின்னுலயே வச்சிருந்தா என்னவாம்? தூக்கிட்டுப் போக வசதி இல்லையாம். காலி தண்ணி பாட்டில்ல ஊத்தி வச்சுக்குவான். அதே பையில, அதே மாதிரி பாட்டில்ல, குடிக்கிற தண்ணியும் இருக்கும்.

"எது எதுன்னு எப்படிடா தெரியும்?"

"மூடியைத் திறந்தா வாடை வருமே அண்ணி."

"ரெண்டு வயசுப் புள்ள மோந்து பார்த்துட்டா குடிக்கும்?"

"பரண்லதான வைக்கிறேன். சும்மா தொணதொணக்காதீங்க."

பரண்ல வைக்கிறானாம்! வந்த அலுப்புல கதவு மூலையில பையைக் கடாசுறவன் அவன். என் மகளுக்கோ சித்தப்பான்னா உயிர். அவன் வந்ததும் மடியில ஏறி, அவன் பாட்டில்லயே ரெண்டு வாய் தண்ணி குடிச்சாத்தான் அவளுக்கு ஆகும். நானும் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சேன், செவிடன் காதுல ஊதின சங்குதான். வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, "அவனுக்குத் தெரியாதா, விடு"ன்னுட்டார். அண்ணனும் தம்பியும் நல்லா வந்து வாய்ச்சாங்க எனக்கு!

அன்னிக்கு சாயங்காலம் துணி மடிச்சிட்டிருந்தேன். புள்ள இருமுற சத்தம். போய்ப் பார்த்தா பைக்குப் பக்கத்துல உக்காந்திருக்கா, மடியில திறந்த பாட்டில், சட்டை பூரா தின்னர். வேலை முடிஞ்சு வந்து குளிச்சிட்டிருந்த கொழுந்தன் துண்டோட ஓடி வந்து, நேரா போய் உப்புத் தண்ணி கரைக்கிறான்.

"குடுங்கண்ணி, வாந்தி எடுக்கட்டும்."

"கீழ வைடா அதை! வாந்தி எடுக்கறப்ப நுரையீரலுக்குள்ள போச்சுன்னா என்ன பண்ணுவ? வாந்தி எடுக்க வைக்கக் கூடாதுன்னு தடுப்பூசி போடுற நர்ஸ் அம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க. வண்டியை எடு!"

நனைஞ்ச சட்டையைக் கழட்டி, புள்ளையைத் துடைச்சுத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"என்ன தின்னர் இது? டின் எங்க?"ன்னார் டாக்டர்.

"டின் இல்ல சார். அங்கங்க மிச்சமானதை எல்லாம் ஒண்ணா ஊத்தி வச்சிருந்தேன்."

"எதை எதை?"

அவனுக்கே ஞாபகம் இல்லை. எதுக்கு வைத்தியம் பாக்குறதுன்னே தெரியாம டாக்டர் நிக்கிறார். அங்கயே அவனை நாலு சாத்து சாத்தணும் போல இருந்துச்சு.

மறுநாள் வரைக்கும் வச்சிருந்து, நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாங்க. மேல கொட்டினதுதான் அதிகம், உள்ள போனது கொஞ்சம்தான். புள்ள பொழைச்சா. "தண்ணி குடுக்கலாம்"னு டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

கடையில வாங்கின புது பாட்டிலை அவன் கையில குடுத்தேன். அவன் சும்மா பிடிச்சுக்கிட்டே நின்னான்.

"குடுடா, தண்ணிதான். இப்பதான் மூடி சீல் உடைச்சேன்."

"தெரியுது அண்ணி. கை வரலை. நீங்களே குடுங்க."

எரிச்சலா வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. பாட்டிலை வாங்கி நானே புள்ள வாய்கிட்ட கொண்டுபோனேன். அவ என் கையைத் தட்டிவிட்டா. சித்தப்பாதான் குடுக்கணுமாம்.