பதினோராம் எண் வீட்டில் யாரும் இல்லை

நான் எழுதிய பொய் ஒன்று நான்கு வருடம் ஒரு வீட்டுச் சுவரில் தொங்கியது. வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. விதிப்படி, மூன்று நாள் அலைந்து சேகரித்த பொய்.

நகராட்சியில் பழைய கட்டடங்களைக் கணக்கெடுக்கும் பிரிவில் அளவையாளனாக இருந்தேன். அந்தக் குடியிருப்பில் எனக்குத் தெரியாத செங்கல் இல்லை என்று ஓய்வுபெற்ற பிறகும் மார்தட்டிக்கொண்டு திரிந்தவன். தொண்ணூறு வருடத்துக்கு முன்பு ஒரு மரவியாபாரி தன் கணக்கர்களுக்காகக் கட்டிய வரிசை அது. இருபது வீடுகள். ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். அகலம் பதினெட்டு அடி, நீளம் தொண்ணூறு. முன்னால் கூடம், நடுவில் திறந்த முற்றம், கடைசியில் சமையலறை, அதற்கும் பின்னால் கரி வண்டியும் குப்பை வண்டியும் போவதற்கு ஒரு சந்து. வியாபாரி படு சிக்கனம். முன்கதவுக்கு மேலே மட்டும் அரைவட்டமாக வண்ணக் கண்ணாடி வைத்துத் தன் ஆசையைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆள் இருக்கிறார்களா என்று பார்க்க, வெவ்வேறு மூன்று நாட்களில் முன்கதவைத் தட்ட வேண்டும் என்பது விதி. திறக்காவிட்டால் ‘ஆளில்லை’ என்று எழுதலாம். சந்துக்குள் போகத் தேவையில்லை என்றும் விதியில் இருந்தது. நாற்றத்துக்குப் பயந்த எனக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்தது மாதிரி ஆயிற்று. பதினோராம் எண் திறக்கவில்லை. எழுதினேன். அதை அப்படியே தகட்டில் பொறித்துக் கதவருகே மாட்டிவிட்டார்கள்.

ஓய்வுக்குப் பிறகு, வீட்டில் உட்கார்ந்து மனைவியிடம் பேச்சு வாங்குவதைவிட மேல் என்று, சனிக்கிழமை காலையில் ஊர் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போய் அந்த வரிசையைக் காட்ட ஆரம்பித்தேன். கூட்டத்தில் ஒரு அம்மா வாராவாரம் நிற்பார். அறுபத்தைந்து வயதிருக்கும். நடுவிரலில் தையல்காரர்கள் போடும் உலோகத் தொப்பி. என் பேச்சில் மயங்கித்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் பதினோராம் எண் முன்னால் நின்று, காலை வெயிலில் அந்தக் கண்ணாடி கூடத்துத் தரையில் சிவப்பைக் கொட்டும் என்று அளந்துவிட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே நான் கால் வைத்ததே இல்லை.

“சிவப்பு விழாது சார்,” என்றார் அந்த அம்மா. “எதிர் வீட்டு பால்கனி மறைச்சுக்கும். நீலமும் கொஞ்சம் மஞ்சளும்தான். அதுவும் எட்டரை மணி வரைக்கும்தான்.”

எனக்குச் சுருக்கென்றது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று வெடுக்கென்று கேட்டேன்.

“நான் இந்த வீட்டுலதான் இருக்கேன்.”

கூட்டம் தகட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, சிரித்தது. நானும் வெட்கமில்லாமல் சேர்ந்து சிரித்தேன். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு சொன்னார். பத்தொன்பது வயதில் மருமகளாக அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறார். பன்னிரண்டு வருடம் அந்த நீலத்தைப் பெருக்கித் துடைத்திருக்கிறார். பிறகு பாகப்பிரிவினை. கணவரின் அண்ணனுக்கு முன்பாதி, இவர்களுக்குப் பின்பாதி. முற்றத்தின் குறுக்கே ஒரு சுவர் எழும்பியது. அண்ணன் குடும்பம் கதவைப் பூட்டிக்கொண்டு வெளிநாடு போய்விட்டது. கணவர் இறந்து ஒன்பது வருடம். குழந்தைகள் இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் அச்சகமும் கிடங்குமாகிவிட்டன. சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துப் பிழைப்பு. தையல் கடைக்காரர் துணி மூட்டையைச் சந்து முனையில் வைத்து, சைக்கிள் மணியை அடித்துவிட்டுப் போய்விடுவார்.

“நீங்க தட்டினது எனக்குக் கேட்டுச்சு சார். மூணு நாளும் கேட்டுச்சு.”

முதல் நாள், சந்து வழியாக இடதுபக்கம் சுற்றி ஓடிவந்திருக்கிறார். பின்வாசலிலிருந்து முன்வாசலுக்கு வர வேறு வழி கிடையாது. பத்து வீட்டைத் தாண்ட வேண்டும், மூட்டுவலி வேறு. நான் நூறு எண்ணிவிட்டுக் கிளம்பிவிட்டேன். இரண்டாம் நாள் வலதுபக்கம் ஓடிப் பார்த்தார். அதன் பிறகு இரண்டு நாள் முன்படியிலேயே வேலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நான் கடைசியாகத் தட்டப் போனது அதற்கும் அடுத்த நாள்.

நகராட்சிக்கும் போய் நின்றிருக்கிறார். கதவு எண்ணைக் கேட்டுப் பதிவேட்டைப் புரட்டி, அந்த வீட்டில் யாரும் இல்லையே அம்மா என்று அவரிடமே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“அந்தத் தகட்டை மாத்திக் கொடுங்க சார். ஆளில்லாத வீட்டுல நான் விழுந்து கிடந்தா யார் வந்து தேடுவாங்க?”

கையெழுத்துப் போட்டவன் கொடுத்தால்தான் திருத்தப் படிவம் செல்லும். மறுவாரமே எடுத்துக்கொண்டு போனேன். மூக்கைப் பொத்தியபடி முதன்முறையாக அந்தச் சந்தில் நடந்தேன். ஒரு அறை, ஒரு அடுப்பு, ஜன்னலோரம் ஒரே ஒரு நாற்காலி. மடித்த சட்டைகள் கழுத்துயரம். நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுச் சட்டை மூட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டார். பிறகு பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். என்னோடு இல்லை, ஒன்பது வருடத்தோடு பேசுகிறார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தேன்.

‘குடியிருப்போர் எண்ணிக்கை’ என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன். எட்டிப் பார்த்தவர் முகம் வாடிவிட்டது.

“ரெண்டுன்னு போடுங்க சார். ஒருத்தின்னு சுவத்துல மாட்டி வச்சா தெருவே படிக்கும்.”

முப்பது வருட வேலையில் தெரிந்தே ஒரு எண்ணை மாற்றி எழுதியதில்லை. யாராவது வந்து சரிபார்த்தால் என்னம்மா செய்வது என்றேன்.

“வரட்டுமே. வந்தா அன்னைக்கு ரெண்டு பேர் ஆயிடுவோம்ல.”

அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினேன்.

தகடு மாறி எட்டு மாதம் ஆகிறது. அந்த அம்மா இப்போதெல்லாம் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வருவதில்லை. யாராவது வருவார்கள் என்று வீட்டிலேயே இருக்கிறார் போலிருக்கிறது. சரிபார்க்க இதுவரை யாரும் போகவில்லை. வாராவாரம் அந்தக் கதவு வரைக்கும் போகிற நானும் சந்துப் பக்கம் திரும்பவில்லை.