பாகம் பிரித்த மாட்யூல்

அண்ணன் தம்பி இரண்டு பேரும் பாகம் பிரித்துக்கொள்ளட்டும், எனக்கென்ன வந்தது. நிலத்தைப் பிரிக்கட்டும், வீட்டைப் பிரிக்கட்டும், பித்தளை அண்டாவைக்கூட இரண்டாக அறுத்துக்கொள்ளட்டும். நான் எழுதிய கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டில் ஏன் கை வைத்தார்கள்? இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய திராட்சைக் குளிர்கிடங்கில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. லாரிகளுக்கு ஒன்று, குளிர் அறைக்கு ஒன்று என்று கமாண்டுகளைத் தனித்தனி மாட்யூலாக, தனித்தனிப் பொட்டலம் மாதிரி, கட்டி வைத்திருந்தேன். டிரைவர்களுக்கு மெசேஜ் அனுப்பும் கமாண்ட், லாரி மாட்யூலுக்குள் இன்னொரு சின்ன மாட்யூலில் இருந்தது. லாரி மாட்யூல்தான் அதை எக்ஸ்போர்ட் செய்து வெளியே கொடுக்கும். அறையில் சூடு ஏறினால் சரக்குக்காரர்களுக்குச் சொல்ல, குளிர் அறை மாட்யூலும் அதே கமாண்டைத்தான் கூப்பிடும். ஒரே வேலைக்கு இரண்டு கமாண்ட் எதற்கு என்று நினைத்தேன்.

பாகப்பிரிவினையில் லாரிகள் பெரியவருக்கு, கிடங்கு சின்னவருக்கு. பேச்சு நடக்கும்போதே தலைபாடாக அடித்துக்கொண்டேன். இந்தப் பக்கம் தோட்டம் பிரிக்கும்போது கிணற்றை யாரும் பிரிப்பதில்லை. பொதுவில் விட்டு, முறை வைத்து இறைத்துக்கொள்வார்கள். இதையும் அப்படி விடுங்கள் என்றேன். கம்ப்யூட்டருக்குள் என்னப்பா கிணறு என்று பெரியவர் சிரித்தார்.

சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் தேனிக்குப் போயிருந்தேன். அந்த இடைவெளியில் பெரியவர் லாரி மாட்யூலை பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, கிடங்கு கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டார். தம்பி இடத்தில் தன் சாமான் ஒன்றும் இருக்கக் கூடாதாம். குளிர் அறை மாட்யூல் ஏறாமல் திரையில் சிவப்பெழுத்து வந்திருக்கிறது. சின்னவரின் மச்சினன், நாலு வீடியோ பார்த்த மேதாவி, லாரி மாட்யூல் வேண்டும் என்று கேட்ட வரியையே அழித்திருக்கிறார். சிவப்பு போய்விட்டது. சரியாகிவிட்டது என்று டீ குடிக்கக் கிளம்பினார்களாம்.

அந்தச் சமயம் குமுளி மலைப்பாதையில் மண் சரிந்து லாரிகள் நின்றிருந்தன. காமயகவுண்டன்பட்டியில் தோட்டம் குத்தகைக்குப் பிடித்திருக்கும் ஓர் அம்மா, வெட்டிய பழம் முழுவதையும் எங்கள் குளிர் அறையில் அடுக்கிவிட்டுப் போயிருந்தார். அந்த வருடத்துக்கு அவருக்கு இருந்ததே அந்த வெட்டுதான். நான் திரும்பி வந்த காலையில், கம்ப்ரஸர் பழுதாகி நின்று வெகுநேரம் ஆகியிருந்தது; யாருக்கும் மெசேஜ் போயிருக்கவில்லை. கதவைத் திறந்ததும் புளித்த வாடை. பெட்டிகளின் அடியில் சாறு ஒழுகிக் கிடந்தது.

இரண்டு முதலாளிகளையும் வரவழைத்து, வாசலிலேயே பிடி பிடியென்று பிடித்தேன். "பிரிச்சுக்கிட்டீகள்ல, இந்தா, இந்த அழுகலையும் ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கங்க" என்று கத்தினேன். வேலை போனால் மயிரே போச்சு என்றிருந்தது. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். சின்னவர் மச்சினனைத் தேடினார். அவர் எப்போதோ நழுவியிருந்தார்.

அவர்கள் செய்த கூத்தைத் திரையிலேயே காட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கமாண்ட் இல்லையென்றால், மெசேஜ் போகவேண்டிய நேரத்தில் மறுபடி சிவப்பெழுத்து வந்திருக்க வேண்டுமே, ஏன் வரவில்லை? தேடினேன். மெசேஜ் அனுப்பும் இடத்தில், பிழை வந்தால் காட்டாமல் தாண்டிப் போ என்று ஒரு வரி இருந்தது. முன்பு டவர் கிடைக்காதபோதெல்லாம் சிவப்பைப் பார்த்துப் பயந்து சின்னவர் எனக்குப் போன் போட்டுக்கொண்டே இருப்பார். அந்தத் தொல்லை பொறுக்காமல் நான் எழுதிய வரி அது.

அந்த அம்மா பின்னால் வந்து நின்றார். அழவில்லை.

"சூடு ஏறுனா மெசேஜ் வரும்னு நீங்கதான சொன்னீக தம்பி. வரலைன்னதும், பழம் நல்லாத்தான் இருக்குன்னு நிம்மதியா இருந்துட்டேன்."

"அவுக பாகம் பிரிச்சதுல போச்சும்மா" என்றேன். அந்த வரி திரையில் அப்படியே இருந்தது. அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது.