தட்டு மாறிய யுகாதி

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஓசூர் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. பேர்தான் தமிழ்நாடு, மூன்று மொழியில் பேரம் பேசத் தெரியாதவர் அங்கே கத்தரிக்காய்கூட வாங்க முடியாது. பஸ் ஸ்டாண்டில் கன்னட போர்டோடு வண்டி வந்தாலும், தெலுங்கு போர்டோடு வந்தாலும், அம்மாதான் சுற்றி நிற்பவர்களுக்கு வாசித்துச் சொல்வாள். அவள் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். சேலத்திலிருந்து வேலைக்கு வந்த அப்பாவுக்கும் எனக்கும் இரண்டு எழுத்தும் ஒரே ஜிலேபிதான்.

எங்கள் தெருவில் இரண்டு பெரிய மனிதர்கள் இருந்தார்கள். ஒருவர் தெலுங்கு பேசும் வக்கீல், மற்றவர் கன்னடம் பேசும் அரிசி மில்காரர். இருவரும் சேர்ந்து ஒரு படிப்பகம் நடத்தினார்கள். அங்கிருந்த ரேடியோவில் பெங்களூர் வைப்பதா, விஜயவாடா வைப்பதா என்று ஒரு சாயங்காலம் வாக்குவாதம் முற்றி, வக்கீல் கதவில் ஒரு பூட்டைப் போட்டார். மறுநாள் மில்காரர் அதன் பக்கத்திலேயே இன்னொரு பூட்டைப் போட்டார். சமாதானம் பேசப்போன அப்பாவிடம் இருவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"மொதல்ல அவரு எறங்கி வரட்டுங்க."

என் கவலை வேறு. நான் படித்துக்கொண்டிருந்த தொடர்கதையில் இளவரசன் குகைக்குள் மாட்டிக்கொண்டிருந்தான். அடுத்த இதழைத் தபால்காரர் படிப்பகத்தின் கதவிடுக்கில் தள்ளிவிட்டுப் போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். இளவரசன் இருந்தானா செத்தானா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் யுகாதி வந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே நாள் பண்டிகை, ஒரே பலகாரம். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். கிறிஸ்துமஸுக்கு எங்கள் அச்சுமுறுக்கு அவர்களுக்குப் போகும். யுகாதிக்கு அவர்கள் ஒப்பட்டு, அதாவது பருப்புப் போளி, எங்களுக்கு வரும். வந்த தட்டை வெறுமனே திருப்பக்கூடாது, ஏதாவது வைத்துத்தான் அனுப்பவேண்டும். எந்த வீட்டுத் தட்டு என்று தெரிய விளிம்பில் அவரவர் மொழி எழுத்தில் பெயர் வெட்டியிருக்கும்.

அந்த வருஷமும் இரண்டு வீட்டிலிருந்தும் தட்டு வந்தது. திருப்பிக் கொடுத்துவர அம்மா இரண்டு தட்டையும் துணி போட்டு மூடிக் கொடுத்தாள். "பச்சைத் துணி வக்கீல் வூட்டுக்கு, வெள்ளைத் துணி மில்லுக்காரர் வூட்டுக்கு. வழியில தொறந்து பாக்காத."

வக்கீல் மனைவி துணியை விலக்கினார். உள்ளே மில்காரர் வீட்டுத் தட்டு, அவர்கள் வீட்டு ஒப்பட்டோடு.

"நேரா வரக் கூச்சப்பட்டு உங்கம்மாகிட்ட குடுத்தனுப்புனாங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியவர்கள் கேட்டால் தலையாட்டுவது என் வழக்கம், ஆட்டினேன். அடுத்துப் போன வீட்டில் மில்காரரே வெள்ளைத் துணியை விலக்கி, தட்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். "ஓஹோ, வக்கீல் எறங்கி வந்துட்டாரா!" என்று அவசரமாகச் சட்டையை மாட்டினார்.

அன்று சாயங்காலம் இரண்டு பூட்டும் திறந்தன. மற்றவர்தான் இறங்கி வந்தார் என்ற பூரிப்பு இரண்டு முகத்திலும் தெரிந்தது. "நீங்க விஜயவாடாவே வைங்க." "அதெல்லாம் இல்லைங்க, பெங்களூரே இருக்கட்டும்." இன்னொரு சண்டை வந்துவிடுமோ என்று பயந்து அப்பா தமிழ்ச் செய்தியை வைத்தார். நான் தரையில் கிடந்த இதழைப் பொறுக்கினேன். இளவரசன் உயிரோடு இருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "தட்டை மாத்திக் குடுத்துட்டியேடி!"

"நீதானம்மா பச்சை வக்கீலுக்குன்னு சொன்ன?"

"வெள்ளைன்னேன். வெளிய சொல்லித் தொலைக்காத, ரெண்டு பேருக்கும் மானம் போயிரும்."

அப்பா பேப்பருக்குப் பின்னால் இருமினார். நான் அழுதேன், என் காதின்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தப்பு செய்தால்கூட நல்லது நடக்குமா என்று பல நாள் யோசித்தேன். ஊருக்கே பஸ் போர்டு வாசித்துச் சொல்கிறவளுக்குத் தட்டில் வெட்டிய பெயரை வாசிக்கத் தெரியாதா என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.