ஒரு ஸ்பானிய வினையும் எங்கள் மெனேஜரும்

எங்கள் மெனேஜருக்குத் தெரிந்த ஸ்பானியச் சொற்கள் இரண்டு. ஒன்று ‘ஓலா’, மற்றது ‘சீ’. முதலாவது வணக்கம், இரண்டாவது ஓம், அதாவது ஆமாம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எவ்வளவு பெரிய குழியில் விழலாம் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

சண்டை முடிந்து சில வருடங்களில் கற்பிட்டியின் உப்புநீர்க் களப்புக்கு வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் மீன்பிடிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் திட்டித் தீர்த்த, தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றுக்காகவே அவர்கள் வந்தார்கள். பெரிய பட்டம் ஒன்றை இடுப்பில் கொளுவிக்கொண்டு, பலகையில் நின்று, தண்ணீரில் இழுபட்டுப் போவது அவர்களுக்கு விளையாட்டு. களப்போரத்தில் தென்னந்தோப்புகள் இருந்த இடத்தில் கபானா என்று பெயர் வைத்த ஓலைக் குடில்கள் முளைத்தன. அப்படி முளைத்த ஒரு ஹோட்டலில்தான் நான் ரிசெப்ஷனில் இருந்தேன். சண்டை நேரம் மன்னாரிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து, கையில் அகப்பட்டதோடு விரட்டப்பட்டு வந்த குடும்பம் எங்களுடையது. நான் படித்ததும் வளர்ந்ததும் இங்கே, அகதி முகாம் கொட்டிலில்.

மெனேஜர் கொழும்பிலிருந்து வந்தவர். முதலாளியின் தங்கையைக் கலியாணம் முடித்தவர் என்பதைத் தவிர, அந்தக் கதிரையில் அமர்வதற்கு அவருக்கிருந்த தகுதியை நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. அந்த வருடக் காற்றுப் பருவம் முழுவதும் ஸ்பெயினிலிருந்து ஒரு கூட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததும் எங்கள் எல்லோரையும் சாப்பாட்டு மண்டபத்துக்குக் கூப்பிட்டார்.

“எல்லாரும் ஸ்பானிஷ் படிக்கணும். தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துறவரும் படிக்கணும். நான் மாஸ்டர் ஒருத்தரைப் பிடிச்சிருக்கன்.”

“சேர், நீங்களும் படிப்பீங்களா?” என்று சமையலறையிலிருந்து யாரோ கேட்டார்.

“எனக்கு என்னத்துக்கு? நான் மெனேஜ் பண்றவன்.”

மாஸ்டர் சிலாபப் பக்கத்தவர். பார்சிலோனாவில் இருந்துவிட்டு வந்தவர் என்றார்கள். அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை அவரும் சொல்லவில்லை, கேட்கவும் விடவில்லை. கற்பிட்டி வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். கோட்டின் முதுகில் உப்பு பூத்திருக்கும். விருந்தினர்கள் களப்பில் பட்டம் விடும் மத்தியான நேரத்தில் வகுப்பு. இரவுச் சாப்பாட்டு விபரம் எழுதும் கரும்பலகையைத் துடைத்துவிட்டு அதில் எழுதுவார். அறை துப்புரவு செய்யும் பெண்களில் பலருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது என்பதால் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதினார். அவர் செய்த ஒரே நல்ல காரியம் என்று அதைத்தான் நான் நினைத்திருந்தேன்.

முதல் நாள் பாடம் இது: மேசா என்றால் மேசை. சபாத்தோ என்றால் சப்பாத்து. பான் என்றால் பாண், கடையில் விற்கும் ரொட்டி. ஒவ்வொன்றையும் நாங்கள் பத்துத் தரம் உரத்துச் சொல்ல வேண்டும். எனக்குப் பக்கத்தில் இருந்த ராத்தா என் காதுக்குள் சொன்னார்: “இதுக்கா புள்ள இந்த மனிசன் கப்பலேறிப் போனது? சந்திக் கடையில கேட்டிருந்தா அவனே சொல்லியிருப்பானே.”

ராத்தா என்றால் அக்கா, ஆனால் இவர் என் சொந்த ராத்தா இல்லை. கபானாக்களைக் கூட்டித் துடைக்கும் பெண்களில் மூத்தவர். முகாமில் எங்களுக்கு அடுத்த கொட்டில். அவருடைய மாப்பிள்ளைக்கு, அதாவது கணவருக்கு, உப்பளத்தில் வேலை. ராத்தா வேலைக்குப் பிந்தி வந்து நான் கண்டதில்லை.

இரண்டாவது வாரம் மாஸ்டர் வினைச்சொல்லுக்கு வந்தார். ‘எந்த்ரார்’, நுழைதல்.

“இது ஒழுங்கான வினை. ஒழுங்கான வினை எண்டா சொன்னபடி கேக்கும். உங்களை மாதிரி,” என்றார். கதவடியில் நின்ற மெனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். மாஸ்டர் பலகையில் எழுதினார்: எந்த்ரோ, நான் நுழைகிறேன். எந்த்ராஸ், நீ நுழைகிறாய். எந்த்ரா, அவன் நுழைகிறான். எந்த்ராமோஸ், நாங்கள் நுழைகிறோம்.

அன்றைக்கு எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி வந்தது உண்மை. நுழைகிறேன் என்றால் ‘நான்’ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. வினையின் வாலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பானியமும் அப்படித்தான். தமிழ் பேசுகிறவர்களுக்கு இது பிறந்த வீட்டுச் சங்கதி, ஒரு நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். மாஸ்டருக்கோ அது தெரியவில்லை. ஏதோ ஆங்கிலக்காரர்களுக்கு விளக்குவதுபோல வாலையும் தலையையும் பிய்த்துப் போட்டு ஒரு வாரத்தைத் தின்றார்.

நான் எழும்பிக் கேட்டேன்: “மாஸ்டர், இறந்தகாலம் எப்படி? நுழைந்தேன் எண்டு எப்படிச் சொல்றது?”

அவர் கோட்டின் கையைச் சரிசெய்தார். பதில் மெனேஜரிடமிருந்து வந்தது.

“உங்களுக்கு நிகழ்காலம் போதும். நேத்து என்ன நடந்ததுண்டு கெஸ்ட் உங்களிட்டக் கேக்கமாட்டான். துவாய் தா எண்டுவான், குடுக்கணும். அவ்வளவுதான்.”

எவ்வளவு பெரிய பொய். எங்களிடம் வந்த எந்த வெள்ளைக்காரரும் இரண்டாவது நாளே கேட்பது நேற்றைத்தான். சண்டை நேரம் எங்கே இருந்தாய், இதுதான் உன் ஊரா, வீட்டை ஏன் விட்டு வந்தாய். நிகழ்காலத்தில் பதில் சொன்னால் நான் இன்னும் மன்னாரில் வாழ்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டிவரும். மெனேஜருக்கு இதெல்லாம் ஓடாது. எங்களுக்கு ஒரு நேற்று இருக்கும் என்றே அவர் நினைத்ததில்லை.

அதன்பிறகு நான் வீட்டில் ஃபோனில் படிக்கத் தொடங்கினேன். ஒரு ஸ்பானியப் பெண் வினைகளை நிதானமாக வாசிக்கும் வீடியோ ஒன்று அகப்பட்டது. அதைக் கேட்டபோதுதான் விசயம் வெளித்தது. நுழைகிறேன் என்பதை அவள் ‘எந்த்ரொ’ என்றாள். அழுத்தம் முன்னுக்கு, கடைசி எழுத்து குறில். கடைசி எழுத்தை அழுத்தி நீட்டி ‘எந்த்ரோ’ என்றால் அது வேறு சொல்: அவன் நுழைந்தான், அல்லது அவள் நுழைந்தாள். மரியாதையாகப் பேசும்போது, நீங்கள் நுழைந்தீர்கள். நம் சொற்கள் ஒகரக் குறிலில் முடிவதில்லையாதலால் மாஸ்டரின் கை தானாகவே நெடிலைப் போட்டிருந்தது. போட்டதை எங்களைக் கொண்டு நீட்டி முழக்கியும் வைத்திருந்தார். மொத்த ஹோட்டலும் ‘நான் நுழைகிறேன்’ என்று நினைத்துக்கொண்டு ‘அவன் நுழைந்தான்’ என்று சொல்லிப் பழகியிருந்தது.

அடுத்த வகுப்பில் இதைச் சொன்னேன். மாஸ்டர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

“அது ஸ்பெயின்ல வடக்குப் பக்கத்துப் பேச்சு, தங்கச்சி. நான் படிப்பிக்கிறது சுத்தமானது.”

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தைரியம் இல்லாதவர்கள் ஏன்தான் படிப்பிக்க வருகிறார்களோ.

ஸ்பெயின் கூட்டம் வந்து சில நாட்கள் கழிந்து ஒரு காலையில் அது நடந்தது. அந்தக் கூட்டத்தில் மொட்டைத்தலைக்காரர் ஒருவர் இருந்தார். சிரித்தாலும் கத்தினாலும் களப்பின் மறுகரைக்குக் கேட்கும். தண்ணீருக்குள்ளும் கையில் கட்டிக்கொள்ளும் பெரிய மணிக்கூடு ஒன்றைக் கபானாவில் காணவில்லை என்று அவர் கூச்சல் போட்டபடி வெளியே வந்தார். வாசலில் ராத்தா விளக்குமாறோடு நின்றார்.

“கியென் எந்த்ரோ?” என்று கத்தினார் அவர். யார் உள்ளே நுழைந்தது என்று கேட்கிறார்.

அந்தக் கத்தலில் ராத்தாவுக்குப் பிடிபட்டது ஒரு சொல்தான், அதுவும் ஒரு வாரமாகத் தொண்டை வற்றப் பாடமாக்கிய சொல். துப்புரவு செய்ய உள்ளே வரப்போகிறாயா என்று கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, “எந்த்ரோ, எந்த்ரோ” என்றார். ஆனால் மொட்டைத்தலைக்காரரின் முகம் இன்னும் சிவந்துகொண்டே போனது. கெஸ்ட் சொல்வது விளங்காவிட்டால் சிரித்துக்கொண்டே என் ஒஃபிஸைக் காட்டுங்கள் என்பது மெனேஜரின் கட்டளை. ராத்தா கட்டளைப்படி சிரித்தார், கையை நீட்டி ஒஃபிஸைக் காட்டினார்.

யார் நுழைந்தது? அவர் நுழைந்தார். அதோ, அந்த ஒஃபிஸில் இருப்பவர்.

மொட்டைத்தலைக்காரர் விறுவிறுவென்று வந்தபோது மெனேஜர் சாப்பாட்டு மண்டபத்தில் மேசை மேசையாகப் போய் ‘ஓலா’ சொல்லிக்கொண்டிருந்தார். நான் எதிரே ரிசெப்ஷனில் நின்றேன்.

“உஸ்தெ எந்த்ரோ?” என்று கேட்டார் அவர். நீங்கள் நுழைந்தீர்களா?

வகுப்புக் கதவடியில் நின்று சிரித்த நாட்களில் அந்தச் சொல் மெனேஜரின் காதிலும் விழுந்திருந்தது. ஸ்பானியம் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்த பெருமையில் தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, “சீ, சீ! எந்த்ரோ!” என்றார்.

மொட்டைத்தலைக்காரர் இன்னும் கிட்ட வந்து கேட்டார். என்னுடைய மணிக்கூட்டை எடுத்தது நீங்களா? சீ. என்னுடைய அனுமதி இல்லாமலா? சீ, சீ. மெனேஜர் தலையையும் ஆட்டினார். கை குலுக்க வேறு கையை நீட்டினார்.

நான் உடனே குறுக்கே போயிருக்கலாம். போகவில்லை. இன்னும் ஒரு ‘சீ’ வரட்டும் என்று நின்றேன். அதற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை. மொட்டைத்தலைக்காரர் மெனேஜரின் சேர்ட்டுக் கொலரைப் பிடித்த பிறகுதான் நான் நடுவில் போனேன். ஆங்கிலம் பாதி, எனக்குத் தெரிந்த ஸ்பானியம் பாதியாக, இவருக்கு உங்கள் மொழி ஒரு துளியும் தெரியாது, அந்தப் பெண்ணுக்குப் பிழையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்களுடைய கூட்டத்துப் பெண் ஒருத்தி கரையிலிருந்து வந்தாள். பட்டம் வைக்கும் பையின் அடியில் கிடந்த மணிக்கூடு அவள் கையில் தொங்கியது.

பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மொட்டைத்தலைக்காரர் மெனேஜரைக் கட்டிப்பிடித்து முதுகில் அடித்தார், ஒன்றாக நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். வாசலில் விளக்குமாறோடு நின்ற பெண்ணிடம் வந்து ஒரு வார்த்தை சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. மரியாதைக்கென்று ‘உஸ்தெ’ என்று தனிச் சொல்லே வைத்திருக்கும் மொழிக்காரர் அவர்.

மத்தியானம் மெனேஜர் என்னையும் ராத்தாவையும் ஒஃபிஸுக்குக் கூப்பிட்டார். மாஸ்டரும் அங்கே இருந்தார்.

“நான் சரியாத்தான் படிப்பிச்சன்,” என்றார் மாஸ்டர். “இவங்கட நாக்குத் தடிப்பு. நான் என்ன செய்ய?”

“நீங்க நெடில் எழுதினீங்க. அது குறில்,” என்றேன்.

“ஒரு எழுத்துக்கு இவ்வளவு கதையா?” என்று மெனேஜர் மேசையில் அடித்தார்.

“அந்த ஒரு எழுத்திலதான் சேர் காலைல கள்ளனாகினீங்க.”

அவர் என்னை விட்டுவிட்டு ராத்தாவின் பக்கம் திரும்பினார். வெள்ளைக்காரருக்கு விளங்கப்படுத்த ஆள் வேண்டுமே, என்மேல் கைவைக்க முடியாது.

“உன்னால எனக்கு மானம் போச்சு. ஒரு கிழமைக்கு வீட்ட இரி. கூப்பிட்டா வா.”

ராத்தா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தார். சத்தமாகக்கூட வைக்கவில்லை.

“கூப்பிட வேணாம் சேர். நீங்க சிரிக்கச் சொன்னீங்க, சிரிச்சன். கையைக் காட்டச் சொன்னீங்க, காட்டினன். இனி உங்கட ரூமை நீங்களே கூட்டிக்கொள்ளுங்க.”

ராத்தா வெளியேறிப் போனார். பிறகு மாஸ்டர் தேத்தண்ணி கேட்டார்.

வகுப்பு நிற்கவில்லை. பருவ முடிவில் சான்றிதழ் கொடுத்தார்கள். மெனேஜரும் அன்றைக்குக் கோட்டுப் போட்டிருந்தார். ஒரு நாளாவது கதிரையில் இருந்து படிக்காத அவருக்கே முதல் சான்றிதழ்; அதைக் கண்ணாடி போட்டு ஒஃபிஸ் சுவரில் மாட்டினார். அடுத்த வருடம் மாஸ்டர் முந்தல் என்ற ஊரில் ஒரு டியூஷன் கொட்டிலில் இத்தாலிய மொழி படிப்பிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவர் இத்தாலிக்கு எப்போது போனார் என்று அங்கேயும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

நான் அந்தப் பருவத்தோடு விலகி, களப்பின் தெற்கே ஒரு சின்ன விடுதியில் சேர்ந்தேன். ஃபோன் பெண்ணிடம் மிச்சத்தையும் படித்தேன். எந்த்ரே, நுழைந்தேன். எந்த்ராபா, நுழைவது வழக்கமாக இருந்தது. எந்த்ராரே, நுழைவேன். எந்த்ராமோஸ் மட்டும் நுழைகிறோம், நுழைந்தோம் இரண்டுக்கும் ஒன்றுதான். எந்தக் காலம் என்பதைக் கதையை வைத்துப் பிடிக்க வேண்டும். மாஸ்டருக்குத் தெரிந்திருந்தால் இதையும் வடக்குப் பக்கம் என்றிருப்பார். பிறகொரு நாள் விருந்தாளிப் பெண் ஒருத்தி இதுதான் உன் ஊரா என்று கேட்டாள். இல்லை, மன்னாரில் வாழ்ந்துகொண்டிருந்தோம், ஒரு நாள் போகச் சொன்னார்கள், நடந்தோம் என்று அவளுடைய மொழியிலேயே சொன்னேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அதுவும் நல்லதுதான்.

ராத்தா தன் வீட்டு முன்பக்கத்தில் நான்கு மேசை போட்டு மத்தியானச் சோறு விற்கத் தொடங்கினார். தேங்காய்ப்பாலில் காய்ச்சிய இறால் ஆணத்தின் வாசனை காற்றோடு கரைவரை போகும். பட்டம் விட்டுக் களைத்தவர்கள் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். உங்களுக்கு வேண்டிய நாலு சொல்லை நான் சொல்லித்தருகிறேன், இந்தமுறை சரியாக, என்று ஒரு நாள் சொன்னேன். ராத்தா அகப்பையை வழித்துக்கொண்டே சிரித்தார்.

“எனக்கு என்னத்துக்கு? பசிக்கிறது அவங்களுக்குத்தானே. அவங்க படிக்கட்டும்.”

படித்துவிட்டார்கள். நான் அங்கே இருக்கும்போதே உயரமான ஸ்பானியன் ஒருவன் ஈரக் காலோடு வந்து வாசலில் நின்றான். உள்ளே வரலாமா என்று கையால் கேட்டான். பிறகு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து, “ராத்தா, சோறு போடுங்க” என்றான்.

“காலைக் கழுவிட்டு வரச் சொல்லு,” என்றார் ராத்தா என்னிடம்.