எதிரணி உதைக்கும் நேரம்

போன சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மாப்பிள்ளை பார்க்கப் போயிருந்தேன்.

என் வீட்டுக்கு இல்லை, பதற வேண்டாம். எனக்கு இரண்டும் பையன்கள். எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் நண்பர் ஆரோக்கியசாமியின் ஒரே மகள் ஸ்டெல்லாவுக்காகப் போனேன். ஸ்டெல்லா அயர்லாந்தில், லிமெரிக் என்கிற ஊரில் நர்ஸ். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவள் தனியாக வரவில்லை. கூடவே ஆறடி உயரத்தில், வெயில் பட்டு இளஞ்சிவப்பாகிப் போன ஓர் ஐரிஷ் பையனும் வந்து இறங்கிவிட்டான். பெயர் ஷான். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். "இவரைத்தான்ப்பா..." என்று ஸ்டெல்லா ஆரம்பித்திருக்கிறாள். வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

ஆரோக்கியசாமி உடனே எனக்கு போன் போட்டார்.

"சார், சனிக்கிழமை வந்துடுங்க. நீங்க கூட இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

எனக்குப் புரிந்துவிட்டது. என் இங்கிலீஷை நம்பிக் கூப்பிடுகிறார். நான் கற்ற இங்கிலீஷ் முழுக்க கிரிக்கெட் கமென்ட்ரியில் கற்றது. அதை வைத்து ஒரு கல்யாணத்தைப் பேசி முடிக்க முடியுமா? சரி, மழை வந்தால் ஆட்டம் நிற்கும் என்றாவது சொல்லலாம்... என்று நினைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறினேன்.

ஆரோக்கியசாமியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் அவரே ஒப்புக்கொள்கிற ஒரே உத்தியோகம் ரெஃப்ரி. மாவட்டத்தில் எந்த மூலையில் ஃபுட்பால் டோர்னமென்ட் நடந்தாலும், கறுப்பு டிரவுசரும் விசிலுமாக நடுவில் நிற்பவர் இவர்தான். அவருக்கென்று ஒரு சித்தாந்தம் உண்டு. சம்பளம் எவ்வளவு, சொந்த வீடா என்றெல்லாம் மாப்பிள்ளையைக் கேட்பது வீண். "அரை மணி நேரம் பந்தைப் பத்திப் பேச விடுங்க சார். ஆளு யாருன்னு தானா வெளிய வந்துடும்."

அவருக்கு இருந்த பயமும் எனக்குத் தெரியும். தூரம் இல்லை, நிறம் இல்லை. "புருஷன் பொண்டாட்டின்னா சண்டை வரத்தான் செய்யும். இங்கன்னா நான் இருக்கேன், அவ அம்மா இருக்கா. அங்க இவ பக்கம் பேசறதுக்கு யாரு இருக்கா?" இதை போனிலேயே இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

வாசலில் காகித நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போனால் சோபாவின் நுனியில் ஷான். எதிரே நாற்காலியில், புன்னகையைத் தப்பித்தவறியும் வெளியே விட்டுவிடக் கூடாது என்ற தீர்மானத்தோடு ஆரோக்கியசாமி. நடுவில் மொழிபெயர்ப்பாளராக ஸ்டெல்லா. பக்கத்து வீட்டு பஷீர் பாயும் வந்திருந்தார். செல்போன் கடை வைத்திருப்பவர். பாக்ஸிங் என்றால் உயிர். ஆரோக்கியசாமியின் மனைவி மேரி கிறிஸ்துமஸுக்குப் பொரித்த கல்கல் பலகாரத்தை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து, ஷான் மடியிலேயே வைக்காத குறையாக வைத்துவிட்டுப் போனார்.

விசாரணை ஃபுட்பாலில் ஆரம்பித்தது. இப்போதெல்லாம் ரெஃப்ரி ஓடிப்போய் டி.வி.யைப் பார்த்துவிட்டு வந்து கோல் கொடுக்கிறாரே, அது சரியா என்பது முதல் கேள்வி. ஆரோக்கியசாமிக்கு அது மானப் பிரச்சினை.

அவர் சொல்வதை அப்படியே ஆமோதித்திருந்தால் ஷான் பிழைத்திருப்பான். அவனோ தலையை ஆட்டி மறுத்தான். டி.வி.யைப் பார்ப்பது சரிதான் என்றான். பல வருஷம் முன்பு ஒரு முக்கியமான ஆட்டத்தில் எதிரணிக்காரர் கையால் தட்டிவிட்ட பந்து கோலாகிவிட்டதாம். ரெஃப்ரி கவனிக்கவில்லையாம். அதோடு அயர்லாந்துக்கு அந்த உலகக் கோப்பை போயே போய்விட்டது. இன்றைக்கும் அந்த ஊரில் டாக்ஸியில் ஏறினால், டிரைவர் அந்தக் கையைப் பற்றித்தான் பேச்சை ஆரம்பிப்பாராம்.

ஆரோக்கியசாமி ஸ்டெல்லாவிடம் சொன்னார்: "நான் நின்னிருந்தா ஊதியிருப்பேன்னு சொல்லு."

ஷான் எழுந்து நின்று அவருக்குக் கை கொடுத்தான். கை கொடுத்த பிறகும் முகத்தை இறுக்கமாகவே வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஆரோக்கியசாமி வைத்திருந்தார்.

அடுத்து பாய். மேல்நாட்டில் இப்போது பாக்ஸிங்கே சினிமா மாதிரி ஆகிவிட்டது, அடிப்பதைவிட வாய்ச்சவடால்தான் அதிகம் என்பது அவருடைய மனக்குறை. எங்கள் ஊரில் அப்படி இல்லை என்றான் ஷான். அங்கே இப்போதெல்லாம் ஒலிம்பிக்கில் தங்கம் ஜெயித்துக்கொண்டு வருவதே பெண்கள்தானாம். அவர்கள் ஊர் திரும்பினால் தெருவெல்லாம் கொடி கட்டி வைத்திருப்பார்களாம்.

அடுப்படியிலிருந்து மேரியின் குரல் வந்தது. "பொண்ணுங்களா குத்துச்சண்டை போடுதுங்க? ஸ்டெல்லா, நீயும் கத்துக்கம்மா. கல்யாணத்துக்கப்புறம் உதவும்."

என்ன சொன்னார்கள் என்று ஷான் கேட்டான். இன்னும் கல்கல் வேண்டுமா என்று கேட்கிறார்கள் என்றாள் ஸ்டெல்லா. பாவம், அவன் இன்னொரு கைப்பிடி எடுத்துக்கொண்டான்.

பிறகுதான் ரக்பி வந்தது. எங்கள் மூவருக்குமே அது அயல் கிரகம். பந்து முட்டை மாதிரி இருக்கும் என்பதோடு பாயின் ஞானம் முடிந்துவிட்டது. ஷான் அடுப்படிக்குப் போய் ஒரு மட்டைத் தேங்காயோடு திரும்பி வந்தான். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஹாலுக்குள்ளேயே குனிந்து ஓடிக் காட்டினான். ஓடுவது முன்னால், ஆனால் கையால் போடுவது மட்டும் பக்கவாட்டிலோ பின்னாலோதான். முன்னால் போட்டால் தப்பு. அரசியல் மாதிரி இருக்கே என்றார் பாய்.

இரண்டு பக்கத்து ஆட்களும் தோளோடு தோள் முட்டிக்கொண்டு தள்ளும் கட்டம் ஒன்று உண்டு. அது மட்டும் எனக்கு உடனே விளங்கிவிட்டது. வைகுண்ட ஏகாதசி அன்று பரமபத வாசல் திறக்கும்போது வந்து பாருங்கள் தம்பி, நாங்கள் பந்தே இல்லாமல் அதை ஆடுகிறோம் என்றேன்.

எனக்கு ஒன்று வேடிக்கையாக இருந்தது. பெண் கேட்டு வருகிறவர்கள் நம் ஊரில் எப்படிப் பேசுவார்கள்? இருக்கிறதை இரட்டிப்பாக்கித்தானே? இவனோ, கேட்காமலே எல்லாத் தோல்வியையும் வரிசையாக எடுத்து வைக்கிறான். ஃபுட்பாலில் உலகக் கோப்பையின் வாசலை மிதித்து எத்தனையோ காலமாயிற்று. ரக்பியில் உலகத்திலேயே முதலிடத்தில் இருந்தபோதும் உலகக் கோப்பையில் கால் இறுதியைத் தாண்டியதில்லை. வடக்கு, தெற்கு என்று அந்தத் தீவுக்கு ஃபுட்பாலில் இரண்டு அணிகள். ரக்பியில் மட்டும் ஒன்று. ஒன்றாகச் சேர்ந்து ஆடியும் கால் இறுதி தாண்ட முடியவில்லை என்று சொல்லி அவனே சிரிக்கிறான்.

ஆரோக்கியசாமி என் பக்கம் சாய்ந்தார். "ஜெயிச்ச கதை ஒண்ணாவது சொல்லுவானா சார், இல்ல வரிசையா தோத்துக்கிட்டே இருப்பானா?"

ஆறரைக்கு அவனுடைய ஊர் அணிக்கு, அவனுடைய ஊர் மைதானத்திலேயே ஒரு ரக்பி ஆட்டம். ஸ்டெல்லா லேப்டாப்பிலிருந்து ஒயர் இழுத்து டி.வி.யில் மாட்டினாள். ஊரே சிவப்புச் சட்டையில் உட்கார்ந்திருந்தது. பாட்டு, கூச்சல், காட்டுக் கத்தல். ஒரு மாதிரி நமக்கும் சூடு பிடித்துவிட்டது. ரெஃப்ரி பேசுவதெல்லாம் மைக்கில் நமக்கும் கேட்கிறது. மலை மாதிரி ஓர் ஆள் அவரிடம் வந்து, 'சார்' என்று கூப்பிட்டு ஏதோ கேட்டான்.

ஆரோக்கியசாமி ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். "சார்னா கூப்பிட்டான்?"

ஆமாம் என்றாள். கேப்டன் மட்டும்தான் ரெஃப்ரியோடு பேசலாம், அதுவும் மரியாதையாகத்தான். ஆரோக்கியசாமியை மைதானங்களில் என்னவெல்லாம் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதை இங்கே எழுதினால் பத்திரிகையை வீட்டுக்குள் விடமாட்டீர்கள்.

இந்த நேரத்தில் எதிரணிக்கு ஒரு உதை கிடைத்தது. பந்தைத் தரையில் நிறுத்தி வைத்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே போகும்படி உதைக்க வேண்டும். ஒருவன் வந்து நின்றான்.

சட்டென்று டி.வி.யில் சத்தம் நின்றுவிட்டது.

ஒயர் லூசாகிவிட்டது என்றார் பாய். நான் பின்னால் போய் ஒயரை அசைத்துப் பார்த்தேன். ஆரோக்கியசாமி ரிமோட்டை எடுத்து வால்யூமைக் கூட்டினார். ஒன்றும் இல்லை. இன்னும் கூட்டினார். ம்ஹூம். கடைசிவரை கூட்டிவிட்டு, டி.வி.யின் தலையில் ஒரு தட்டும் தட்டினார்.

அந்தப் பையன் உதைத்தான். பந்து விலகிப் போயிற்று.

அடுத்த விநாடி அந்த மைதானம் முழுவதும் எடமலைப்பட்டி புதூருக்குள் வந்து விழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தெருவில் நாய்கள் குரைத்தன. மேரி கரண்டியும் கையுமாக ஓடிவந்தார்.

இந்தக் கலவரத்தில் நாங்கள் யாரும் ஷானைக் கவனிக்கவில்லை. ஸ்டெல்லாதான் சொன்னாள்: சத்தம் போகவில்லை, அந்த ஜனங்களே வாயை மூடிக்கொண்டார்களாம். எதிரணி ஆள் உதைக்க வந்து நின்றால் அந்த மைதானத்தில் யாரும் மூச்சு விடுவதில்லை. அவன் நிம்மதியாக உதைத்துவிட்டுப் போகட்டும் என்று காத்திருப்பார்கள். லிமெரிக்கில் காலங்காலமாக அது வழக்கம்.

ஆரோக்கியசாமி நம்பவில்லை. எப்படி நம்புவார்? நம் பக்கம் எதிரணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தால் என்ன நடக்கும்? தகரம் தட்டுவோம். உதைக்கிறவன் வீட்டுப் பெண்களை எல்லாம் பெயர் சொல்லி விசாரிப்போம். துறையூர்ப் பக்கம் ஓர் ஆட்டத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஆட்டுக்குட்டியை அவிழ்த்துவிட்ட கதையை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அதற்கப்புறம் அவர் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு ஷானைப் பார்த்தார். ஒவ்வொரு தரமும் எதிரணி உதைக்க வரும்போது அந்தப் பையன் தட்டைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தான். வாயில் போட்ட கல்கலைக்கூட மெல்லவில்லை.

"தம்பி," என்றார் கடைசியில். "இங்க நீங்க கத்தினா அந்த ஆளுக்குக் கேக்கப் போறதில்லையே?"

ஸ்டெல்லா கேட்டுச் சொன்னாள். இல்லை, கேட்காதுதான் என்றானாம். அவனுக்குக் கேட்கிறதா என்பதா முக்கியம் என்றானாம்.

ஆட்டம் முடிகிற நேரம். ஷானுடைய அணி இரண்டே பாயிண்டில் முன்னால். அப்போது போய் எதிரணிக்கு ஓர் உதை. போனால் மூன்று பாயிண்ட், கதை முடிந்தது. மறுபடியும் அந்த மௌனம். பாய்க்குத் தாங்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, டி.வி.யை நோக்கிக் கையை நீட்டி, உன் கால் சுளுக்கிக்க என்று ஆரம்பித்தார்.

"பாய், உக்காருங்க." ரெஃப்ரி குரல். "அவன் உதைக்கட்டும்."

பாய் உட்கார்ந்தார்.

அவன் உதைத்தான். பந்து இரண்டு கம்பங்களுக்கும் சரியாக நடுவே போயிற்று.

ஷான் கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். காதெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு இரண்டு தடவை மெல்லக் கை தட்டினான். நல்ல உதை என்று முனகினான். அது எனக்கே மொழிபெயர்ப்பு இல்லாமல் புரிந்தது.

ஆரோக்கியசாமி என்னைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். நட்சத்திரத்துக்குக் கீழே நின்று செருப்பைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் தேடினார்.

"சார், என் பொண்ணு அந்த ஊர்ல என்னைக்கும் வெளியூர் டீம்தான் சார். அவளோட முறை வரும்போது அவ பேசி முடிக்கிறவரைக்கும் இவன் குறுக்க வரமாட்டான். அது போதும்ல?"

போதும் என்று தலையை ஆட்டினேன்.

உள்ளே போனார். எழுந்து நின்ற ஷானின் தோளில் கையை வைத்து — எட்டித்தான் வைக்க வேண்டியிருந்தது — மேரியைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் ஃபாதரைப் பாத்து ஓலை வாசிக்கச் சொல்லிடலாம்." ஓலை என்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைகளில் அறிவிப்பது. ஸ்டெல்லா அதை மொழிபெயர்க்கவில்லை. அவளால் முடியவில்லை. ஷான்தான், என்ன ஆயிற்று, தோற்றுவிட்டேனா என்பதுபோல் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன். நமக்கு வேண்டியவர்கள் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது பெரிய விஷயமா என்ன? நமக்கு எதிராகப் பேச வருகிறவருக்கு முழுசாக நேரம் கொடுப்பது இருக்கிறதே... அதற்கு ஒரு ஊரே சேர்ந்து பழகியிருக்கிறது. நம்மால் தனி ஆளாகவாவது முடியாதா?

மறுநாள் காலை டீக்கடையில் முயற்சி செய்து பார்த்தேன். நான் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுவதையே வழக்கமாக வைத்திருக்கும் நண்பர் ராஜேந்திரன், இந்தப் பத்தியில் நான் எழுதுவதெல்லாம் புளுகு என்று ஆரம்பித்தார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அசையாமல், அவர் முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாதியிலேயே அவர் நிறுத்திவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.